உயரே போனால் மங்கும் படம்: லென்ஸை மாற்றாதீர்கள்

கேள்வி: ஜெட் விமானத்தின் அடிப்பகுதி ஜன்னல் வழியாக 300 மி.மீ. லென்ஸில் தரையைப் படம் எடுக்கிறோம். 11 கி.மீ. உயரத்தில் சிறிது நேரத்தில் படம் மங்குகிறது. காற்று உரசி ஜன்னல் சூடாகிறது, லென்ஸையும் கண்ணாடியையும் மாற்றுங்கள் என்கிறார் விற்பனை முகவர். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் ஜன்னல் சூடாகவில்லை, குளிர்கிறது. அந்த உயரத்தில் வெளிக்காற்று −56 டிகிரி. மாக் 0.75 (ஒலிவேகத்தில் முக்கால்) வேகத்தில் கண்ணாடியை ஒட்டிய காற்று இருபது டிகிரிக்குச் சற்று மேல் சூடேறினாலும் −35 அளவில்தான் நிற்கும். விளிம்பைப் பிடித்திருக்கும் உலோகச் சட்டம் முதலில் குளிர்கிறது. நடுப்பகுதி கேபின் வெப்பத்தில் இருக்கிறது. வெப்பம் மாறினால் கண்ணாடி ஒளியை வளைக்கும் அளவும் மாறும்; தட்டைக் கண்ணாடி லென்ஸாகிவிடுவது இப்படித்தான்.

20 மி.மீ. தடிமனுள்ள ஃபியூஸ்டு சிலிக்கா (தூய சிலிக்காவை உருக்கிய கண்ணாடி), நடுவிலிருந்து 50 மி.மீ. தள்ளி 10 டிகிரி குறைவு என்று வையுங்கள். அது சுமார் 600 மீட்டர் குவியத் தூரமுள்ள லென்ஸ். உங்கள் கேமராவில் ஃபோகஸ் 0.15 மி.மீ. நகரும், எஃப்/4 துளை அளவில் 0.02 மி.மீ. நகர்ந்தாலே கூர்மை போய்விடும்.

தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் உணரி) மூன்று ஒட்டுங்கள்: கண்ணாடியின் உட்புறம் நடுவில், விளிம்பில், லென்ஸ் உடலில். படம் மங்கியதும் ஃபோகஸை 0.05 மி.மீ. படிகளாக நகர்த்தி ஏழெட்டுப் படம் எடுங்கள். லென்ஸின் வெப்பம் மாறாமல், ஏதோ ஒரு படியில் கூர்மை திரும்பினால் கோளாறு ஜன்னலில். சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே சிலிகோன் பட்டை வைத்து உலோகத் தொடுகையை அறுக்க வேண்டும். அழுத்தம் தாங்கும் ஜன்னல் என்பதால் அங்கீகாரம் பெற்ற பொறியாளர்தான் அதைத் தொடலாம்.

முகவர் ‘வெப்பத்தில் விரியாத கண்ணாடி’ என்று ஃபியூஸ்டு சிலிக்காவை நீட்டுவார். அது விரிவது மிகக் குறைவு, உண்மை. ஆனால் அதன் ஒளிவிலகல் எண் (ஒளியை வளைக்கும் அளவு) வெப்பத்தோடு மாறுகிறது. லென்ஸ்களில் வழக்கமாகப் பயன்படும் கிரவுன் கண்ணாடியில் இந்தக் கோளாறு ஏறக்குறைய பாதிதான். கண்ணாடியில் படியும் பனிமூட்டம் நீக்க விளிம்பில் சூட்டுக்கம்பி சுற்றித் தருவதும் ஆபத்து. விளிம்பு நடுவைவிடச் சூடாகி, லென்ஸ் எதிர்த்திசையில் உருவாகும். ‘பத்தில் ஒரு அலைநீளத் தட்டைமை’ (மேடுபள்ளம் ஒளியின் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்குள்) என்ற சான்றிதழைக் காட்டினால், எந்த வெப்பநிலையில் அளந்தது என்று கேளுங்கள். அறை வெப்பத்தில், மேசைமேல்! ஒப்பந்தப் படிவங்கள் அதைத்தான் கேட்கின்றன. பறக்கும்போது என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இல்லை.

விதிவிலக்கு ஒன்று: கேமரா வெளியே அரைக்கோளமாகத் துருத்தியிருந்தால் காற்றோட்டமே குற்றவாளி. விமானம் மாக் 0.55-ஐத் தொடும்போதே கோளத்தின் மேல் காற்று ஒலிவேகத்தை எட்டும். அதைத் தாண்டினால் அதிர்ச்சி அலை (காற்றழுத்தம் திடீரெனத் தாவும் எல்லை) தோன்றி, பின்புறக் காற்று பிய்ந்து சுழலும். அடர்த்தி ஏறியிறங்குவதால் படம் மெல்ல மங்காது; நொடிக்கு நொடி துடிக்கும், பின்னோக்கிப் பார்க்கையில் மிக மோசமாக. ஃபோகஸை எவ்வளவு நகர்த்தினாலும் கூர்மை திரும்பாது. முதலில் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். அப்போது தெளிந்தால் சிலிகோன் பட்டைக்கு வேலையில்லை.