ஒரே பகலில் இரண்டு மன்ரோ: பெய்ன் க்ளாஸ், பென் லாயர்ஸ் பற்றி வாசகர் கேள்விகள்

ஸ்காட்லாந்தில் படிக்கும், வேலை பார்க்கும் வாசகர்கள் பலர் நண்பர்களோடு ஒரு நாள் மலையேற்றத்துக்கு வழி கேட்டிருந்தார்கள். லோக் டே ஏரிக்கு வடக்கே ஒட்டி நிற்கும் பெய்ன் க்ளாஸ், பென் லாயர்ஸ் இரண்டையும் பற்றியே அதிகக் கேள்விகள் வந்ததால், இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறோம்.

நாங்கள் ஐந்து பேர். யாரும் இதுவரை மன்ரோ எதுவும் ஏறியதில்லை. முதல் முறையே இரண்டு சிகரம் என்பது பேராசையா? எந்த வழியாகப் போவது, எவ்வளவு நேரம் ஆகும்?
– எடின்பரோ வாசகர்

பேராசை இல்லை. 3,000 அடிக்கு மேற்பட்ட ஸ்காட்லாந்து மலைகளை 1891இல் சர் ஹியூ மன்ரோ பட்டியலிட்டார். அவர் பெயரால் அழைக்கப்படும் அந்த மலைகள் இன்றைய கணக்கில் 282. பெய்ன் க்ளாஸ் 1,103 மீட்டர், பென் லாயர்ஸ் 1,214 மீட்டர். ஆனால் கார் நிறுத்துமிடமே 400 மீட்டருக்கு மேல் இருப்பதால் மூன்றில் ஒரு பங்கு உயரத்தை வண்டியே ஏறிவிடுகிறது.

கில்லின் ஊரிலிருந்து ஏரியின் வடகரைச் சாலையில் வந்து, பிரிட்ஜ் ஆஃப் பால்கி நோக்கி இடப்புறம் ஏறும் ஒற்றைத்தடச் சாலையில் திரும்புங்கள். மலையைப் பராமரிக்கும் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் கட்டண நிறுத்துமிடம் அங்கே வரும். ஒதுங்கி வழிவிடும் இடங்களில் வண்டியை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பே வந்துவிடுவது நல்லது.

பாதை முதலில் வேலியிட்ட இயற்கைக் காப்பகத்துக்குள் ஓடையை ஒட்டிப் போகும். வழி பிரியும் இடத்தில் வலப்புறம் எடுங்கள். இடப்புறம் போவது நீங்கள் திரும்பி வரப்போகும் வழி. வேலியைத் தாண்டியதும் பெய்ன் க்ளாஸின் தெற்கு முகட்டில் வளைந்து வளைந்து ஏற்றம். 'இதுதான் உச்சி' என்று நம்பி ஏறினால் அதற்குப் பின்னால் இன்னொரு மேடு தெரியும். இது சில முறை நடக்கும். புதியவர்கள் மனம் தளர்வது இங்கேதான், முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். பெய்ன் க்ளாஸ் உச்சியிலிருந்து சுமார் 100 மீட்டர் இறங்கினால் கணவாய், அங்கிருந்து 200 மீட்டருக்குச் சற்று மேல் ஏறினால் பென் லாயர்ஸ். உச்சியில் நில அளவைத் தூண் நிற்கிறது.

திரும்பும்போது கணவாய் வரை வந்த வழியே இறங்குங்கள். அங்கே வலப்புறம் பிரியும் பாதை பெய்ன் க்ளாஸின் வடக்குச் சரிவைச் சுற்றிக்கொண்டு போகும். அதனால் அந்த மலையை மறுபடி ஏற வேண்டாம். பெய்ன் க்ளாஸுக்கும் பக்கத்து மலையான மெயல் கோரனாய்க்கும் இடையிலான கணவாயில் இடப்புறம், தெற்கே திரும்பிப் பள்ளத்தில் இறங்கினால் காப்பகம் வந்துவிடும்.

மொத்தம் சுமார் 11 கி.மீ., ஏற்றம் ஏறக்குறைய 900 மீட்டர். நேரத்துக்கு ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த கணக்கு இன்றும் போதும்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஏற்றத்தில் 600 மீட்டருக்கு மேலும் ஒரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் 2 மணி 12 நிமிடமும் ஒன்றரை மணியும் சேர்ந்து 3 மணி 42 நிமிடம். நிற்காமல் நடப்பவருக்கான கணக்கு இது. ஐந்து பேர் சேர்ந்தால் ஒருவர் கோட்டைக் கழற்ற, ஒருவர் படம் எடுக்க, ஒருவர் மூச்சு வாங்க என்று நிற்பதே ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும். ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். 9.30க்குக் கிளம்பினால் நண்பகலில் பெய்ன் க்ளாஸ், ஒன்றேகால் மணி வாக்கில் பென் லாயர்ஸ், மூன்றரைக்கு வண்டி. ஒரு மணி ஆகியும் முதல் உச்சியைத் தொடவில்லை என்றால் ஒரு மன்ரோவோடு அன்றைய நாளை முடித்துக்கொள்ளுங்கள். இந்த நேரத்தைக் கீழே வண்டி நிறுத்துமிடத்திலேயே எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவது உச்சி கண்ணெதிரே தெரியும்போது 'திரும்புவோம்' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஜூன் மாதத்தில் போகிறோம். கையுறை, கம்பளிக் குல்லாய் எல்லாம் எதற்கு? ஜீன்ஸும் ஓட்டக் காலணியும் போதாதா?
– கிளாஸ்கோ வாசகர்

150 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 1 டிகிரி குறையும். கில்லினில் 15 டிகிரி என்றால் பென் லாயர்ஸ் உச்சியில் 8. அதோடு மணிக்கு 50 கி.மீ. காற்று சேர்ந்தால் உடம்புக்கு 3 டிகிரி போல உறைக்கும். முகட்டில் அந்த அளவு காற்று சாதாரணம். பள்ளத்தாக்கில் இலை அசையாத நாளிலும் மேலே குல்லாய் பறக்கும்.

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். பருத்தி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், நடக்கும்போது சூடு போய்க்கொண்டே இருக்கும், காயவும் காயாது. உள்ளே போடும் டி-ஷர்ட்டுக்கும் இதே விதி. வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு உச்சியில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் நடுக்கம் வந்துவிடும். உடலை ஒட்டிப் பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளிச் சட்டை, அதற்கு மேல் ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் தலைமூடியுள்ள மழைக் கோட்டு. மழைக் கால்சட்டை வாங்கும்போது பக்கவாட்டில் முழங்கால் வரையாவது ஜிப் உள்ளதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் பூட்ஸைக் கழற்றி மாட்ட வேண்டும், அந்தச் சோம்பலிலேயே நனைவார்கள். பைக்குள் தடித்த குப்பைப் பை ஒன்றை விரித்து அதற்குள் மாற்று உடைகளை வையுங்கள். பையின் மேலுறையைக் காற்று பிடுங்கிக்கொண்டு போகும்.

பாதை நன்றாகக் கல் பாவியது, வறண்ட கோடை நாளில் பிடிமானமுள்ள காலணியோடு போகிறவர்கள் உண்டு. ஆனால் ஈரமான கல்லில் தேய்ந்த அடிப்பாகம் வழுக்கும், பெரும்பாலும் இறங்கும்போதுதான். பூட்ஸை மாலையில், நடைக்குப் போடும் தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். கயிறு கட்டாமல் பாதத்தை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். இடமில்லாத பூட்ஸ் இறக்கத்தில் கால்விரல் நகத்தைக் கறுக்க வைத்துவிடும். இறங்கத் தொடங்கும் முன் கணுக்கால் பக்கம் கயிற்றை இழுத்து இறுக்கிக் கட்டுங்கள்.

பாதை தெளிவாக இருக்கிறது என்கிறார்கள், போனிலும் வரைபடம் உண்டு. காகித வரைபடமும் காம்பஸும் பழைய பழக்கமா?
– அபர்டீன் வாசகர்

பாதை தெளிவாகத்தான் இருக்கிறது. அதனால்தான் இங்கே வழி தவறுகிறவர்கள் தவறியதையே கவனிப்பதில்லை. மேகம் இறங்கினால் இருபது மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அப்போது எந்தத் தெளிவான பாதையும் சரியான பாதை போலவே தோன்றும்.

தப்பு நேரும் இடங்கள் மூன்று. முதலாவது பென் லாயர்ஸ் உச்சி. தூணைச் சுற்றி நின்று படம் எடுத்துத் திசை மறந்து, வடக்கே தெரியும் பாதையில் இறங்கிவிடுவார்கள். அது அன் ஸ்டூக் மலைக்குப் போகும் முகடு. அந்த மலையின் மறுபக்கம் செங்குத்தான, கல் பெயரும் சரிவு, புதியவர்களுக்கு ஏற்றதே அல்ல. உச்சியைவிட்டு நகரும் முன் காம்பஸைப் பாருங்கள். பெய்ன் க்ளாஸ் அங்கிருந்து நேர் தென்மேற்கே சுமார் 1.4 கி.மீ. தொலைவில் இருக்கிறது. இரண்டாவது, கணவாயில் வலப்புறப் பிரிவைத் தவறவிடுவது. இதனால் பெரிய கேடில்லை, பெய்ன் க்ளாஸை மறுபடி ஏற வேண்டிவரும், அவ்வளவுதான். மூன்றாவதுதான் நாளைக் கெடுக்கும்: மெயல் கோரனாய்க் கணவாயில் தெற்கே திரும்பாமல் வடக்கே இறங்குவது. அந்தத் தண்ணீரெல்லாம் க்ளென் லயன் பள்ளத்தாக்குக்குப் போகிறது. அங்கே இறங்கிவிட்டால் வண்டி மலைக்கு அந்தப் பக்கம்.

பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் ஓ.எல். 48 எண் வரைபடம் இந்தப் பகுதிக்கு உரியது. 1:25,000 அளவு, வேலிகள்கூடத் தெரியும். போனையும் பயன்படுத்துங்கள், தவறில்லை. வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கி, போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும், சிக்னல் தேடித் தேடி பேட்டரி தீராது. குளிரிலும் பேட்டரி இறங்கும், எனவே போன் உள்சட்டைப் பையில் இருக்கட்டும். காம்பஸை அதே பையில் வைக்க வேண்டாம், போனின் காந்தம் ஊசியைத் திருப்பிவிடும்.

எங்கள் குழுவில் ஒருவர் மிக மெதுவாக நடப்பார். சென்ற முறை அவரைக் கணவாயில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் மேலே போய் வந்தோம். அது சரியா?
– ஸ்டர்லிங் வாசகர்

சரியில்லை. உட்கார்ந்திருப்பவர் குளிர்ந்துபோவார். மேகம் சூழ்ந்தால் பயந்து எழுந்து நடக்கத் தொடங்குவார், பிறகு யார் எங்கே என்று யாருக்கும் தெரியாது. மலையில் குழு பிரியும் இடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. ஒருவரால் முடியவில்லை என்றால் எல்லோரும் திரும்புங்கள். பெரிய குழுவாக இருந்தால் இரண்டு பேராவது துணைக்கு அவரோடு இறங்கட்டும், ஒரு வரைபடமும் அவர்களிடம் போகட்டும்.

மெதுவாக நடப்பவரை வரிசையில் இரண்டாவதாக விடுங்கள். முன்னால் போகிறவர் அவர் வேகத்துக்கு நடக்க வேண்டும். கடைசியில் வழி தெரிந்த ஒருவர் வர வேண்டும். வேகமானவர்கள் முன்னே ஓடி, காத்திருந்து, மெதுவானவர் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்புவதுதான் வழக்கமாக நடக்கிறது. இதில் ஓய்வு தேவைப்படாதவர்களுக்கு ஓய்வு கிடைக்கிறது, தேவைப்படுபவருக்குக் கிடைப்பதில்லை. பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் குழுவின் வேகம். போவதற்கு முன் சில வாரங்கள் எடின்பரோவின் ஆர்தர்ஸ் சீட், ஸ்டர்லிங் அருகே டம்யட் என்று சின்னக் குன்றுகளில் ஏறிப் பாருங்கள். யார் எப்படி நடப்பார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

புளிசாதம் கட்டிக்கொண்டு போகலாமா?
– டண்டீ வாசகர்

தாராளமாக. நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறினால் குளிரில் சோறு விறைக்காது. அன்று காலையே வடிப்பது நல்லது. முந்தின இரவு வடித்தால் தட்டில் பரப்பி ஆறவைத்து ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். வெளியே விட்ட சோற்றில் வளரும் கிருமியின் நஞ்சு சூடுபடுத்தினாலும் போகாது. சிக்கல் சோற்றில் இல்லை, சாப்பிடும் விதத்தில் இருக்கிறது. காற்றடிக்கும் உச்சியில் கையுறையைக் கழற்றி உட்கார்ந்து பிசைந்து சாப்பிட விரல் ஒத்துழைக்காது. எனவே சோற்றைக் கணவாயில் காற்று மறைவான இடத்துக்கு வைத்துக்கொண்டு, வழிக்குச் சப்பாத்திச் சுருளும் கடலை மிட்டாயும் கையெட்டும் பையில் வையுங்கள். பசிக்கும் முன் மணிக்கொரு முறை இரண்டு வாய். தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். ஓடைத் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் மேலே ஆடும் மானும் மேய்கின்றன, அப்படியே குடிக்க வேண்டாம். ஒரு ஃப்ளாஸ்கில் சுக்குக் காப்பி இருந்தால் அன்றைக்கு அதைவிட மதிப்புள்ள பொருள் பையில் வேறு இருக்காது.

ஜூலையில் ஊரிலிருந்து அப்பா வருகிறார். 66 வயது, முழங்கால் வலி உண்டு. அழைத்துப் போகலாமா?
– எடின்பரோ வாசகி

உச்சிக்கு வேண்டாம். 900 மீட்டர் ஏறியதையெல்லாம் இறங்க வேண்டும், முழங்காலுக்கு இறக்கம்தான் எதிரி. காப்பகத்துக்குள் மட்டும் ஒரு மணி நேரம் மெல்ல நடந்து வாருங்கள், கைக்கு இரண்டு ஊன்றுகோலோடு. பார்க்க வேண்டிய இடமும் அதுதான். வேலி போட்டு ஆடுகளையும் மான்களையும் தடுத்ததால் குட்டை வில்லோக்களும் பிர்ச்சுகளும் பூச்செடிகளும் திரும்ப முளைத்திருக்கின்றன. வேலிக்கு வெளியே வெறும் புல், உள்ளே புதர்க்காடு. இந்த மலையின் சுண்ணாம்புச் சத்துள்ள பாறையில் பிரிட்டனில் அரிதான ஆல்பைன் செடிகள் வளர்வதால்தான் அறக்கட்டளை 1950இல் இதை வாங்கியது. பாதையைவிட்டு இறங்கி நடக்காதீர்கள்.

பூச்சித் தொல்லை பற்றிப் பயமுறுத்துகிறார்களே?
– இன்வர்னெஸ் வாசகர்

மிட்ஜ் எனும் பொடிப்பூச்சி மே முதல் செப்டம்பர் வரை உண்டு. காற்று வீசினால் பறக்காது, எனவே உச்சியில் தொல்லையில்லை. காற்றில்லாத காலையிலும் மாலையிலும் வண்டி அருகேதான் மொய்க்கும். பூட்ஸை வீட்டிலேயே கட்டிக்கொண்டு வந்தால் பாதித் துன்பம் குறையும்.

உண்ணியைத்தான் கவனிக்க வேண்டும். புல்லிலிருந்து ஒட்டிக்கொள்ளும், கடித்தது தெரியாது. கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள். அன்றிரவே முழங்காலின் பின்புறம், தொடை இடுக்கு, அக்குள், இடுப்புப் பட்டை படும் இடம் எல்லாம் பாருங்கள். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெல்ல இழுத்து எடுங்கள். எண்ணெய் தடவுவது, நெருப்பு வைப்பது எதுவும் கூடாது. அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு படர்ந்தால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். உண்ணி பரப்பும் லைம் நோயை ஆரம்பத்தில் ஆன்டிபயாட்டிக் குணப்படுத்தும்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் பனியில் ஏற ஆசை.
– லண்டன் வாசகர்

பனிக்கோடரி, கிராம்பன் (பூட்ஸின் அடியில் மாட்டும் கூர்முள் சட்டம்) இரண்டையும் பயன்படுத்தப் பயிற்சி எடுத்த பிறகு வாருங்கள். காலணியில் மாட்டும் சிறு முட்சங்கிலி இந்தச் சரிவுக்குப் போதாது. கோடையில் எளிதான வடக்குச் சுற்றுப் பாதை பனிக்காலத்தில் சரிவோடு சரிவாக மூடிவிடும், வழுக்கினால் நிற்க இடமில்லை. அப்போது பெய்ன் க்ளாஸ் உச்சி வழியாகவே திரும்புவது மேல். பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடும் ஸ்காட்லாந்து அமைப்பின் ஆறு பகுதிகளில் லாயர்ஸ் இல்லை, அபாயத்தை நீங்களேதான் கணிக்க வேண்டும். பகலும் டிசம்பரில் மாலை நான்குக்கு முன்பே முடிந்துவிடும்.

மேலே யாருக்காவது கால் முறிந்தால் என்ன செய்வது? மீட்புக்குப் பணம் கேட்பார்களா?
– பெர்த் வாசகர்

கேட்க மாட்டார்கள். வருகிறவர்கள் தன்னார்வலர்கள், சேவை இலவசம். 999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்பு என்று கேளுங்கள். இருக்கும் இடம், எத்தனை பேர், என்ன காயம், உங்கள் எண் இவற்றை அழைக்கும் முன் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் பதற்றத்தில் விட்டுப்போகாது. சிக்னல் பேச்சுக்குப் போதாத இடத்திலும் குறுஞ்செய்தி போகலாம். அதற்கு முன்பதிவு வேண்டும்: 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பி, வரும் பதிலின்படி செய்யுங்கள். வீட்டிலிருந்தே செய்துவிட்டு வாருங்கள். போன் இல்லாவிட்டால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில், ஒரு நிமிட இடைவெளி, மீண்டும் ஆறு. இருட்டில் டார்ச்சும் அப்படியே.

உதவி வர மணிக்கணக்கில் ஆகும். அதனால் காயப்பட்டவருக்குக் கீழே காலிப் பைகளைப் போட்டுத் தரையின் குளிரைத் தடுங்கள், இருக்கும் உடையெல்லாம் போர்த்துங்கள். குழுவுக்கு ஒரு கூடாரத் துணி, அதாவது எல்லோரும் உட்கார்ந்து தலைக்கு மேல் இழுத்துக்கொள்ளும் நைலான் உறை, அரைக் கிலோதான் இருக்கும். ஐந்து பேருக்கு ஒன்று வாங்குங்கள். நீங்கள் போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் கீழே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பியதும் அவருக்குத் தகவல் சொல்ல மறந்தால், உங்களைத் தேடி இருபது பேர் இரவில் மலையேறுவார்கள்.