வலி மாத்திரை பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வணக்கம். முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல, மருந்தாளுநர். 23 வருசமா மதுரை பக்கம் ஆஸ்பத்திரி மருந்து கவுண்டர்ல நிக்கிறேன். சீட்ட மாத்தி எழுத எனக்கு அதிகாரம் கிடையாது, ஆனா எந்த மாத்திரை எதோட சேந்தா வம்புன்னு தெரியும். மூணு மாசத்துக்கு மேல இழுக்கற வலி, அதுக்கு போடற மாத்திரை, இது ரெண்டையும் பத்தி இன்னைக்கு கேளுங்க.

கேள்வி: அக்கா, அம்மாவுக்கு 62 வயசு, ரெண்டு மூட்டும் தேய்மானம். மூணு வருசமா ஜீரோடால்-பின்னு வலி மாத்திரை காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. டாக்டர் 10 நாளைக்கு தான் எழுதினாரு, அப்புறம் நாங்களே மெடிக்கல்ல வாங்கிக்கிறோம். பிபி, சுகர் இருக்கு. பயப்படணுமா?

பயப்படணும் தம்பி. அம்மாவோட பிபி மாத்திரை அட்டைய எடுத்து பின்னாடி பாருங்க. டெல்மிசார்டன், ராமிப்ரில், எனாலப்ரில் இதுல ஏதாவது இருக்கா, கூடவே ஹைட்ரோகுளோரோதயசைட்னு நீர் மாத்திரையும் சேந்திருக்கா பாருங்க, பாதிப் பேருக்கு ரெண்டும் ஒரே மாத்திரைக்குள்ளயே இருக்கும்.

மாடில தண்ணி டேங்க், கீழ வடிகட்டின்னு வச்சுக்கங்க, கிட்னி தான் அந்த வடிகட்டி. தண்ணி உள்ள வர்ற வால்வ வலி மாத்திரை பாதி மூடுது. வெளிய போற வால்வ பிபி மாத்திரை தொறந்து விடுது. நீர் மாத்திரை டேங்க்ல இருக்கற தண்ணியவே குறைக்குது. அப்ப வடிகட்டிக்கு பிரஷர் எங்கருந்து வரும்? மூணும் தனித்தனியா நல்ல மருந்து தான், மூணும் ஒரே உடம்புல சேரும்போது தான் கிட்னி அடி வாங்குது. அக்னி நட்சத்திர வெயில்லயோ வயித்தால போற நாள்லயோ இன்னும் மோசம். இதப் படிச்சிட்டு பிபி மாத்திரைய நிறுத்திடாதீங்க ப்ளீஸ், நிறுத்த வேண்டியது வலி மாத்திரைய. ரத்தத்துல கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற டெஸ்ட்) பாத்துட்டு அந்த ரிப்போர்ட்டோட டாக்டர்கிட்ட போங்க.

இன்னொன்னு சொல்றேன். டைக்ளோஃபெனாக் (நம்ம வோவரான்) ஊசிய மாட்டுக்கு போடக்கூடாதுன்னு 2006ல தடை பண்ணாங்க, ஏன் தெரியுமா? அந்த ஊசி போட்ட மாடு செத்து, அத தின்ன பாறு கழுகெல்லாம் கிட்னி போயி கொத்துக் கொத்தா செத்துச்சு. நம்ம முதுமலை மாயாறு பக்கம் கொஞ்சம் தான் மிச்சம். அம்மா போடற மாத்திரைல இருக்கற அசிக்ளோஃபெனாக் மாட்டு உடம்புக்குள்ள போனா டைக்ளோஃபெனாக்கா தான் மாறுது, அதனால 2023ல அதையும் மாட்டுக்கு தடை பண்ணிட்டாங்க. மனுசனுக்கு அந்த அளவு விஷம் இல்ல, கழுக மாதிரி நாம சாக மாட்டோம், ஆனாலும் அந்தக் கதை தெரிஞ்சதுல இருந்து அந்த அட்டைய கைல எடுக்கறப்பல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

மாத்து என்னன்னா, முட்டிக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் நல்லாவே கேக்கும், தோல் வழியா ரத்தத்துக்கு போறது கொஞ்சம் தான். மாத்திரை தான் வேணும்னா பாரசிட்டமால், அது மூட்டு தேய்மானத்துக்கு சுமாரா தான் கேக்கும், பொய் சொல்ல விரும்பல. உண்மைல வேலை செய்யறது தொடை தசைக்கு பயிற்சி. துண்ட சுருட்டி முட்டிக்கு அடில வச்சு அமுக்கி அமுக்கி விடச் சொல்லுவாங்க, பாக்க சிரிப்பா இருக்கும், ரெண்டு மாசம் விடாம பண்ணவங்கள கேட்டுப் பாருங்க. ஜிஹெச்ல பிசியோதெரபி காசில்லாம கிடைக்கும், 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்தும் பண்றாங்க.

கேள்வி: நாங்க கூடவே கேஸ் மாத்திரையும் குடுக்கறோமே, அப்ப சேஃப் தான?

வயித்துக்கு ஓரளவு சேஃப், கிட்னிக்கும் இதயத்துக்கும் இல்ல. பாண்டப்ரசோல் புண்ணு வராம ஓரளவு காப்பாத்தும், அவ்ளோதான் அதோட வேலை. வலி மருந்த சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டாலும் புண்ணு வரும், ஊசியா போட்டாலும் வரும், ஏன்னா அது ரத்தத்துல கலந்து தான் வேலைய காட்டுது. மலம் தார் மாதிரி கருப்பா போச்சுன்னா காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல்னு இதயத்துக்கு போடறவங்க இன்னும் கவனமா இருக்கணும். இதய விசயத்துல ஞாபகம் வச்சுக்க ஒண்ணு: ரோஃபெகாக்சிப்னு ஒரு மூட்டுவலி மாத்திரை, வயித்த கெடுக்காதுன்னு சொல்லி உலகம் பூரா ஓகோன்னு ஓடுச்சு, ஹார்ட் அட்டாக் கூடுதுன்னு தெரிஞ்சு 2004ல வாபஸ் வாங்கிட்டாங்க.

கேள்வி: எங்க ஊர் மெடிக்கல்ல "ஒரு செட்" குடுங்கன்னா அஞ்சு மாத்திரை தருவாங்க, 30 ரூவா. சித்தாள் வேலைக்கு போற எங்க அத்தை வாரம் மூணு தடவ வாங்குது. ஒரு மணி நேரத்துல வலி ஓடிருதுங்கறாங்க. அதுல என்ன தான் இருக்கு?

இந்தக் கேள்விக்காகத் தான் காத்துட்டு இருந்தேன். போன மழைக்காலத்துல ஒரு பாட்டி கவுண்டருக்கு வந்துச்சு, முந்தி முடிச்ச அவுத்து ஒரு சின்ன வெள்ள கவர நீட்டி "இதே மாதிரி குடு தாயி"ன்னுச்சு. உள்ள அட்டை இல்லாம உதிரியா அஞ்சு மாத்திரை. ஒண்ணு வலிக்கு, ஒண்ணு கேஸுக்கு, ஒண்ணு சத்து மாத்திரை, ஒண்ணு அலர்ஜிக்கு போடற தூக்க மாத்திரை மாதிரி, அஞ்சாவது பொடிசா வெள்ளையா ஒண்ணு. அட்டை இல்லாததால சத்தியம் பண்ண முடியாது, ஆனா 23 வருச கண்ணு, டெக்சாமெத்தசோன்னு தான் தோணுச்சு. ஸ்டீராய்டு. பாட்டி மூஞ்சி வட்டமா ஊதி இருந்துச்சு, கை பூரா கன்னிப்போன திட்டு, "நல்லா சதை போட்டிருக்கேன்ல"ன்னு சிரிச்சுச்சு. சுகர் பாத்தா 340. அதுவரைக்கும் சுகரே கிடையாதாம்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்ல, முடக்குவாதத்துக்கு, ஆஸ்துமாவுக்கு உசிர காப்பாத்தும், டாக்டர் கணக்கா குடுப்பாரு. அத பேரு தெரியாம வாரக்கணக்கா முழுங்கறது தான் ஆபத்து. சுகர் ஏறும், பிபி ஏறும், எலும்பு உள்ளுக்குள்ள பொரை விட்டு இடுப்பு முறியும், கிருமி தாக்குனா காய்ச்சல் கூட காட்டாது. 2006ல சிக்குன்குனியா வந்தப்ப கை கால் மடக்க முடியாம கிடந்த சனம் இப்படி "ஒரே ஊசில எந்திரிச்சு உக்காந்தேன்"னு சொன்னத நிறைய கேட்டிருக்கேன், அந்த ஒரே ஊசி பெரும்பாலும் இது தான். மூலிகைப் பொடி, மூட்டுவலி லேகியம்னு லேபிள் இல்லாம விக்கிறதுலயும் இத கலக்குறாங்க. நாட்டு மருந்து ஒரு மணி நேரத்துல கேட்டுச்சுன்னா சந்தேகப்படுங்க.

ஆனா அத்தைய சட்டுனு நிறுத்தச் சொல்லாதீங்க. வாரக்கணக்கா ஸ்டீராய்டு உள்ள போச்சுன்னா உடம்பு தானா சுரக்கறத நிறுத்திக்கும், வெளியில இருந்து வர்றதும் திடீர்னு நின்னா பிபி இறங்கி மயங்கி விழுந்துரும். மிச்சம் இருக்கற கவரோட ஜிஹெச்சுக்கு கூட்டிட்டு போங்க, படிப்படியா குறைப்பாங்க. அத்தைய திட்டாதீங்க. லீவு போட்டா கூலி இல்ல, வலியோட சாந்துச் சட்டி தூக்க முடியாது, 30 ரூவாக்கு அன்னைக்கு பொழப்பு ஓடுது. கோவப்படணும்னா கவர்ல போட்டு குடுத்தவன் மேல படுங்க.

கேள்வி: சுகர்னால ரெண்டு பாதமும் எரிச்சல், மதமதப்பு. ப்ரீகாபாலின் 75 ராத்திரி ஒண்ணு, அமிட்ரிப்டிலின் 10. ரெண்டாவது மாத்திரைய கூகுள்ல போட்டா மனநோய்க்குன்னு வருது. நான் என்ன பைத்தியமா? வேன் ஓட்றேன், காலைல தலை கிர்ருங்குது.

இல்லண்ணே, நீங்க நல்லா இருக்கீங்க. நரம்பு வலிக்கு சாதாரண வலி மாத்திரை கேக்காது, ஏன்னா அங்க வீக்கம் இல்ல, வயரே பழுதாகி தப்பா சிக்னல் அனுப்புது. மனச்சோர்வுக்கு அமிட்ரிப்டிலின் 75, 100னு போவாங்க, 10ங்கறது நரம்பு வலிக்கு குடுக்கற சின்ன அளவு. வாய் வறளும், மலச்சிக்கல் வரும். ஒண்ணுக்கு போக சிரமமா இருந்தா, ப்ராஸ்டேட் தொந்தரவு இருந்தா, கண்டிப்பா டாக்டர்கிட்ட சொல்லுங்க.

தலை கிர்ருங்கறதுக்கு ரெண்டு மாத்திரையும் காரணமா இருக்கலாம். ஆரம்பிச்ச முதல் ரெண்டு வாரமும், அளவு கூட்டுன உடனேயும் வேன் எடுக்காதீங்க. அது அடங்கலேன்னா டாக்டர்கிட்ட சொல்லி போடற நேரத்தையோ அளவையோ மாத்தச் சொல்லுங்க, நீங்களா நிறுத்தக் கூடாது. ப்ரீகாபாலின சட்டுனு விட்டா தூக்கம் போகும், வேர்க்கும், சிலருக்கு வலிப்பு கூட வரும். அது கிட்னி வழியா தான் வெளிய போகுது, சுகர்காரங்களுக்கு கிட்னி இறங்க இறங்க அதே 75 உள்ள தேங்கி தூக்கமா தூக்கிரும், அதனால கிரியாட்டினின் உங்களுக்கும் வேணும். கால் வீங்குனாலும் சொல்லுங்க.

கேள்வி: முதுகு டிஸ்க்குக்கு அல்ட்ராசெட் எழுதிருக்காங்க. நான் ஏற்கனவே மனசு சரியில்லன்னு எஸ்சிடலோப்ராம் போடறேன், எலும்பு டாக்டர்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு.

வெக்கத்த ஓரமா வச்சிட்டு முதல்ல ஃபோன் பண்ணி சொல்லுங்க. அல்ட்ராசெட்ல ட்ரமடால்னு கடுமையான வலிக்கு போடற மருந்து 37.5 மில்லிகிராம், பாரசிட்டமால் 325 இருக்கு. ட்ரமடாலும் எஸ்சிடலோப்ராமும் சேந்தா சிலருக்கு மூளைல சுரக்கற செரடோனின்ங்கற ரசாயனம் ஏகத்துக்கும் ஏறி நடுக்கம், வேர்வை, படபடப்பு, காய்ச்சல், குழப்பம்னு போகும், வலிப்பு வர்ற சான்சும் கூடும். எல்லாருக்கும் வராது, ரெண்டையும் சேத்தே எழுதற டாக்டரும் உண்டு, ஆனா அவரு தெரிஞ்சு எழுதணும்ல. உங்க கேஸ்ல அவருக்கு தெரியவே தெரியாது.

கேள்வி: அதே ட்ரமடால் கேட்டு மெடிக்கலுக்கு போனா திருடன பாக்கற மாதிரி பாக்குறாங்க. எனக்கு ஆபரேசன் ஆன முதுகு, சீட்டும் இருக்கு!

உங்க கோவம் நியாயம், ஆனா கவுண்டர் இந்தப் பக்கம் இருந்தும் கேளுங்க. 2018 ஏப்ரல்ல ட்ரமடால போதைப்பொருள் சட்டத்துக்குள்ள கொண்டு வந்துட்டாங்க. அதுக்கு முன்னாடியே 2014ல இருந்து தனி ரிஜிஸ்டர்ல நோயாளி பேரு, டாக்டர் பேரு, எத்தன மாத்திரைன்னு எழுதி மூணு வருசம் வைக்கணும். ட்ரமடால் மாதிரியே இன்னொரு வலி மாத்திரையான டேப்பென்டடால கரைச்சு ஊசில ஏத்தி செத்துப்போன பசங்க செய்தி பேப்பர்ல வருது, பாத்திருப்பீங்க. பழைய சீட்டு, ஜெராக்ஸ், போன்ல போட்டோ இதெல்லாம் செல்லாது. புது ஒரிஜினல் சீட்ட எடுத்துட்டு ஒரே கடைல வாங்குங்க, மூணாவது மாசம் அவனே அண்ணேன்னு கூப்புடுவான். வீட்ல மட்டும் ஃப்ரிட்ஜ் மேல வைக்காதீங்க, பீரோவுல பூட்டி வைங்க.

கேள்வி: அப்பாவுக்கு புற்றுநோய், எலும்புல பரவிருச்சு. ராத்திரி பூரா கத்துறாரு. டாக்டர் மார்ஃபின் 10 மில்லிகிராம் எழுதினாரு. சித்தப்பா "அத குடுத்தா அடிமையாயிருவாரு, சீக்கிரம் போயிருவாரு"ங்கறாரு. அட்டை அப்படியே இருக்கு.

குடுங்கம்மா. இன்னைக்கே குடுங்க, டாக்டர் எழுதுன அளவுல. நம்ம ஊர்ல இது தான் தலைகீழா இருக்கு, டைக்ளோஃபெனாக்க பொரிகடலை மாதிரி திம்போம், மார்ஃபின்னா கை நடுங்கும். புற்றுநோய் வலிக்கு கணக்கா குடுக்கற மார்ஃபின் உசிர குறைக்காது. உடம்பு அதுக்கு பழகும், அதனால சட்டுனு நிறுத்தக்கூடாது, ஆனா பழகறது வேற, போதைக்கு ஏங்கறது வேற. அப்பா ஏங்கறது தூக்கத்துக்கு.

கடிகாரம் பாத்து குடுக்கணும், சாதா மாத்திரைன்னா பெரும்பாலும் நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு, வலி வந்து கத்துனப்புறம் குடுக்கறது இல்ல. முதல் மூணு நாலு நாள் தூக்கமா இருப்பாரு, குமட்டும், அது அடங்கிரும். மலச்சிக்கல் மட்டும் அடங்காது, அதனால முதல் நாள்ல இருந்தே பேதி மருந்தும் சேந்து ஓடணும், சீட்டுல இல்லேன்னா கேட்டு வாங்குங்க. தூக்க மாத்திரை, சாராயம் கூட சேரவே கூடாது, மூச்சு அடங்கிரும். உலுக்குனாலும் எந்திரிக்கல, மூச்சு ரொம்ப மெதுவா விட்டு விட்டு வருது, கண்பாப்பா ஊசிமுனை மாதிரி சுருங்கிருச்சுன்னா 108.

கொடும என்னன்னா, மத்தியப் பிரதேசத்துலயும் ராஜஸ்தான்லயும் சர்க்கார் லைசென்ஸ்ல கசகசா செடி வளத்து அபின் எடுக்கற நாடு இது, அந்த அபின்ல இருந்து தான் மார்ஃபினே வருது, ஆனா நம்ம நோயாளிக்கு ஒரு அட்டை மார்ஃபின் கிடைக்க அலையணும். 1985 போதைப்பொருள் சட்டம் அவ்ளோ கெடுபிடி, 2014ல தான் திருத்தி அங்கீகாரம் வாங்குன ஆஸ்பத்திரி எல்லாம் வச்சுக்கலாம்னு லேசாக்குனாங்க. உங்களுக்கு கைலயே கிடைச்சிருக்கு. சித்தப்பாவ ஒரு ராத்திரி அப்பா பக்கத்துல படுக்கச் சொல்லுங்க.

கேள்வி: தினம் தலவலி, தினம் ஒரு டோலோ இல்லன்னா சாரிடான். போட்டா நிக்கிது, மறுநாள் வருது.

மாத்திரையே தலவலிய கொண்டு வருதோன்னு பாக்கணும். வெறும் பாரசிட்டமால் மாசத்துல 15 நாள், சாரிடான் மாதிரி காபி சத்து கலந்தது 10 நாள், அதுக்கு மேல மூணு மாசமா ஓடுதுன்னா இது தான் நடக்கும். காலண்டர்ல மாத்திரை போட்ட நாளெல்லாம் புள்ளி வைங்க, நரம்பு டாக்டர்கிட்ட அந்த காலண்டரையே காட்டுங்க. நிறுத்துனா முதல் வாரம் தலவலி கூடும், எச்சரிச்சிட்டேன்.

கேள்வி: சனிக்கிழமை மட்டும் குடிப்பேன். ஹேங்ஓவருக்கு டோலோ ரெண்டு, ஓகேவா?

சனிக்கிழமை "மட்டும்"னு நம்பிட்டேன். 650 ரெண்டுன்னா 1300, ஒரு வேளைக்கே அதிகம், ஒண்ணு போதும். ஈரல் நல்லா இருக்கறவனுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம் தான் உச்சம், குடிக்கறவங்களுக்கு 2 கிராம் தாண்ட வேண்டாம்பாங்க. சளி மாத்திரை, அல்ட்ராசெட், ஜீரோடால்-பி எல்லாத்துலயும் பாரசிட்டமால் ஒளிஞ்சிருக்கு, கூட்டிப் பாருங்க.

கேள்வி: அக்கா, நாள் பூரா நிக்கிறீங்க, உங்களுக்கு வலி வந்தா என்ன போடுவீங்க?

மாட்னேன். குதிகால் வலி நாலு வருசமா இருக்கு. ஆரம்பத்துல எட்டோரிகாக்சிப் ஒரு மாசம் நானே எடுத்துப் போட்டேன், சீட்டு கிடையாது, கவுண்டருக்கு உள்ள இருக்கறவளுக்கு யாரு சீட்டு கேப்பா? பிபி 150 தாண்டுனதும் தான் புத்தி வந்துச்சு. இப்ப செருப்ப மாத்திட்டேன், காலைல கட்டில்ல இருந்து இறங்கறதுக்கு முன்னாடி பாதத்த இழுத்து விடறேன், ரொம்ப முடியலேன்னா ஒரு பாரசிட்டமால். இந்தா இத டைப் பண்ணும்போது கூட ஐஸ் கட்டுன தண்ணி பாட்டில கால்ல உருட்டிக்கிட்டு தான் இருக்கேன், தரையெல்லாம் ஈரம்.