வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள வேலையை விடுவது ஏன் பெரும்பாலும் பெண்?

சம்பளம் குறைவாக இருப்பவர் விடுவதுதான் லாபம் என்று வீட்டில் கணக்குப் போடுவார்கள், அந்தக் கணக்கில் பெரும்பாலும் பெண்ணின் சம்பளம்தான் குறைவு. ஆனால் மனைவி அதிகம் சம்பாதிக்கிற வீட்டிலும் மாமியார் விழுந்தால் முதல் லீவு அவள்தான் போடுகிறாள், அதனால் பணம் மட்டும் காரணம் இல்லை.

2019 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்தவர்களில் பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97. முதியவர் பராமரிப்பு அதற்கு மேல் வந்து விழுகிறது. இத்தனைக்கும் பெற்றோர் பராமரிப்புக்கான 2007 சட்டம் மகன், மகள், பேரன், பேத்தியைத்தான் 'பிள்ளைகள்' என்கிறது. மருமகள் அந்தப் பட்டியலிலேயே இல்லை, ஆனால் ராத்திரி எழுந்து டயப்பர் மாற்றுவது பல வீடுகளில் அவள்தான்.

ஆண்கள் ஒன்றும் செய்வதில்லை என்று சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, பில் கட்டுவது எல்லாம் செய்கிறார்கள், ஆனால் அவை நாள் குறித்துச் செய்யக்கூடியவை. குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் மீட்டிங் முடியும்வரை காத்திருக்காது, வேலையைக் காவு வாங்குவது இவைதான்.

ஜப்பானில் குடும்பத்தில் பராமரிப்பு தேவைப்படும் ஒவ்வொருவருக்கும் 93 நாள் விடுப்பு உண்டு, அதை மூன்றாகப் பிரித்தும் எடுக்கலாம். இங்கே தனியார் வேலையில் அப்படிப் பொதுவான சட்டம் இல்லை. அதனால் ராஜினாமாவுக்கு முன்னால் கணவரையும் கூடப்பிறந்தவர்களையும் உட்காரவைத்து, குறிப்பாக காலை, ராத்திரி வேலைகளை ஆள் பெயர் போட்டுப் பிரியுங்கள். அப்புறம் முடியாத நேரத்துக்கு மட்டும் பகல்நேர உதவியாளர் வையுங்கள், அந்தச் சம்பளத்தை எல்லாரும் பகிரட்டும்.