கீமோவை நிறுத்திவிட்டுச் சீன மூலிகை கொடுக்கலாமா?

நிறுத்தாதீர்கள். வீட்டில் யாரோ கீமோவில் படுகிற பாட்டைப் பார்க்கமுடியாமல்தான் இப்படிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நாங்களும் அந்த நிலையில் இருந்தவர்கள்தான்.

நாங்கள் பினாங்கில் இருக்கிறோம். அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய். முதலில் கொடுத்த மருந்து கேட்காமல் இரினோடெக்கான் என்ற கீமோ மருந்தை ஆரம்பித்தார்கள். மருந்து ஏறும்போதே அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவார். தாதி வந்து அட்ரோபின் ஊசி போட்டபிறகுதான் அடங்கும். வீட்டுக்கு வந்தால் பேதி. மாமா இதைப் பார்த்துவிட்டு, "அந்த விஷம் போதும், சீன மருந்து கொடு" என்று ஒற்றைக்காலில் நின்றார்.

சரி, விசாரித்தாவது பார்ப்போம் என்று அவரோடு சீன மருந்துக்கடைக்குப் போனேன். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள், மேசையில் கைத்தராசு. கடை முதலாளியான வயதான தவுக்கே அப்பாவின் மருந்துச் சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். ஒரு இழுப்பறையைக்கூடத் திறக்கவில்லை. "இதுவே சீன மரத்து மருந்துதான். கீமோ முடிகிறவரை என்னிடம் எதுவும் வாங்காதே, பேதியை டாக்டரிடம் சொல்" என்று மலாயில் சொல்லி அனுப்பிவிட்டார். டாக்டரிடம் சொன்னோம். அளவைக் குறைத்தார்கள், அப்புறம் அப்பா தாங்கிக்கொண்டார்.

தவுக்கே சொன்னது உண்மை. இரினோடெக்கானுக்கு மூலம் ஒரு சீன மரம்தான். சீனாவின் ஷி ஷு மரத்திலிருந்து மன்ரோ வாலும் மன்சுக் வானியும் 1966இல் அமெரிக்காவில் பிரித்தெடுத்த பொருள் கேம்ப்டோதெசின். செல் பெருகும்போது டிஎன்ஏவில் முறுக்கு விழும். ஒரு நொதி ஓர் இழையை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மறுபடி ஒட்டும். கேம்ப்டோதெசின் அதை ஒட்டவிடாது. வெட்டோடு பெருகப் போகிற செல் செத்துவிடும். இந்த விஷயம் 1985இல்தான் தெரியவந்தது. அதற்கு முன்பே, 1970களின் தொடக்கத்தில், இதன் சோடியம் உப்பை நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்துச் சிறுநீர்ப்பையில் ரத்தக்கசிவு வந்ததால் கைவிட்டிருந்தார்கள். பிறகு ஜப்பானில் அந்த மூலக்கூறை மாற்றி உருவாக்கியதுதான் இரினோடெக்கான். அமெரிக்க அனுமதி 1996இல் கிடைத்தது. முப்பது வருட உழைப்பு அது. ஒரு பொட்டலக் கஷாயம் அதற்கு ஈடு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

உடனே என்னைச் சீன மருத்துவத்தின் எதிரி என்று சொல்லிவிடாதீர்கள். சீனாவில் 1970களிலிருந்தே ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் ஹோமோஹாரிங்டோனின் என்ற மருந்தை 2012இல் அமெரிக்காவும் ஏற்றுக்கொண்டது. அதுவும் செடியிலிருந்து வந்ததுதான். ஆனால் "மூலிகைதானே, என்ன செய்துவிடும்" என்பவர்கள் பெல்ஜியத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1990களின் தொடக்கத்தில் உடல் இளைக்கக் கொடுத்த சீன மூலிகையில் வேறு செடிக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா சேர்ந்துவிட்டது. நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயே வந்தது. நம் ஆடுதின்னாப்பாளையும் அதே இனம்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இதே கேம்ப்டோதெசின் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு மரத்திலும் இருப்பதை 1972இல் எழுதியவர்கள் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். சித்தர்கள் அன்றே சொன்னார்கள் என்று தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களில் ஒருவருக்காவது அவர் பெயர் தெரியுமா? நான் கேட்ட யாருக்கும் தெரியவில்லை.

என்ன கீமோ என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் பொட்டலத்தைப் பிரிப்பதற்குமுன் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற ஐரோப்பிய மூலிகையை இரினோடெக்கானோடு சேர்த்துச் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில், புற்றைக் கொல்லும் பொருள் 42 சதவீதம் குறைந்ததாக 2002இல் நெதர்லாந்தில் கண்டார்கள். பேதியோ காய்ச்சலோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் வார்டுக்குப் போன் செய்யுங்கள்.