பழைய ரேடியோவுக்குப் புதுப் பெட்டி: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழில் வால்வு ரேடியோக்களின் மரப்பெட்டி பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பெரம்பூர் வாசகர்: தாத்தா வாங்கிய வால்வு ரேடியோ. சேசிஸ் (வால்வுகள் பொருத்திய இரும்புச் சட்டம்), ஸ்பீக்கர், டயல் கண்ணாடி எல்லாம் நன்றாக இருக்கின்றன. பெட்டியின் அடிப்பலகையையும் ஒரு பக்கத்தையும் கறையான் தின்றுவிட்டது. அதே மாதிரி பெட்டி செய்ய எங்கே தொடங்குவது?

பதில்: கறையான் தின்ற பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சேசிஸைக் கழற்றிய பிறகு பெட்டியை மட்டும் பாலிதீன் உறையில் கட்டி, புது மரம் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். வேலை முடியும்வரை அதுதான் உங்கள் வரைபடம். பலகையின் கனம், மூலையின் வளைவு, வெனீரின் (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தோலின்) ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது, உள்ளே எங்கெங்கே மூலைக்கட்டை ஒட்டியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். உடைந்த இடத்தின் குறுக்குவெட்டைப் பார்த்தால் பிளை (பிளைவுட்) எத்தனை அடுக்கு என்பதுகூடத் தெரியும்.

ஆனால் குமிழ் துளைகளின் அளவை மட்டும் பழைய பெட்டியில் எடுக்காதீர்கள். பல வருட ஈரத்தில் பலகை உப்பியோ கோணியோ இருக்கும். சேசிஸைச் சமமான மேஜையில் வைத்து, அதன் அடி விளிம்பிலிருந்து ஒவ்வொரு ஷாஃப்டின் (குமிழ் மாட்டும் தண்டின்) நடுப்புள்ளி வரை உயரத்தையும், ஷாஃப்டுகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் அளந்து, 3 மி.மீ. ஹார்டுபோர்டில் குறித்துத் துளையிடுங்கள். அந்த அட்டையைச் சேசிஸின் முன்னால் மாட்டிப் பாருங்கள். எல்லா ஷாஃப்டும் உரசாமல் சுழல வேண்டும். ஒன்று உரசினாலும் வேறு அட்டை வெட்டுங்கள். ஹார்டுபோர்டு போனால் சில ரூபாய்தான், வெனீர் ஒட்டிய முன்பலகை போனால் வாரக்கணக்கான உழைப்பு போய்விடும். ஷாஃப்ட் 6 மி.மீ. அல்லது கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. இருக்கும். துளை 10 மி.மீ. போதும், குமிழ் அதை மறைத்துவிடும்.

முன்பலகையின் கனம்தான் பலர் சறுக்கும் இடம். வீட்டு அலமாரிக்கு வாங்கிய 19 மி.மீ. பிளை மிச்சம் இருக்கிறதே என்று போட்டுவிடுவார்கள். கடைசியில் ஷாஃப்ட் வெளியே வராது. குமிழ் குறைந்தது 10 மி.மீ. நீளத்துக்கு ஷாஃப்டைப் பிடிக்க வேண்டும், பலகைக்கும் குமிழுக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளியும் வேண்டும். பெரும்பாலான மேஜை ரேடியோக்களுக்கு 6 முதல் 9 மி.மீ. முன்பலகை சரியாக இருக்கும்.

டயல் கண்ணாடி பற்றி ஓர் எச்சரிக்கை. நிலையப் பெயர்களும் மீட்டர் கோடுகளும் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டவை. சோப்புத் தண்ணீரோ ஸ்பிரிட்டோ பட்டால் எழுத்து வழிந்துவிடும். பின்பக்கம் மெல்லிய பிரஷால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெட்டியே இல்லாத வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அதே மாடலின் நேர் முன்புறப் படம் ஒன்று கிடைத்தால் போதும். உங்களிடம் இருக்கும் டயல் கண்ணாடியின் நிஜ அகலத்தைப் படத்தில் தெரியும் அகலத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை வைத்து மற்ற எல்லா அளவையும் கணக்கிடலாம். கிட்டத்தில் நின்று எடுத்த படத்தில் ஓரங்கள் இழுபடும், அதை நம்ப வேண்டாம்.

மயிலாப்பூர் வாசகர்: என்னிடம் உள்ள ரேடியோவின் மேல் மூலைகள் இரண்டும் உருண்டையாக வளைந்திருக்கின்றன. பலகையை அப்படி வளைக்க முடியாது, மரக்கட்டையில் செதுக்கித்தான் ஒட்ட வேண்டும் என்கிறார் தச்சர். சரியா?

பதில்: வளைக்க முடியும். இரண்டு வழிகள் உண்டு. 12 மி.மீ. கனம், வெளி வளைவின் ஆரம் 75 மி.மீ. என்று வைத்துக்கொண்டு இரண்டையும் சொல்கிறோம்.

முதல் வழி, பிளையின் உள்பக்கம் ரம்பத்தால் வரிசையாகக் கீறி மடக்குவது. 2 மி.மீ. தோல் விட்டு 10 மி.மீ. ஆழம் வெட்டுகிறீர்கள். 90 டிகிரி திரும்ப, உள்பக்கம் 10 × 1.57 = 15.7 மி.மீ. குறைய வேண்டும். பிளேடின் வெட்டு 1.6 மி.மீ. அகலம் என்றால் 10 வெட்டுகள். வளைவு பெரிதானாலும் சிறிதானாலும் வெட்டுகளின் எண்ணிக்கை மாறாது, அவற்றின் இடைவெளிதான் மாறும். இங்கே வெளி வில்லின் நீளம் 75 × 1.57, ஏறக்குறைய 118 மி.மீ. அதனால் 12 மி.மீ.க்கு ஒரு வெட்டு வரும். வெளிப்பக்கத்தை வெந்நீர்த் துணியால் நனைத்து மெதுவாக மடக்கி, வெட்டுகளில் ஃபெவிகாலும் மரத்தூளும் கலந்து அடைக்க வேண்டும்.

இதில் ஒரு குறை உண்டு. வெட்டுக்கு வெட்டு பட்டை பட்டையாகத் தட்டை விழும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும், வெனீர் ஒட்டிப் பளபளவென்று பாலிஷ் ஏறியதும் வெளிச்சத்தில் அந்தப் பட்டைகள் தெரியும். அதனால் கண்ணில் படும் மூலைக்கு நாங்கள் இரண்டாம் வழியைத்தான் சொல்வோம்.

3 மி.மீ. ஃப்ளெக்ஸி பிளை (எளிதில் வளையும் பிளை) நான்கு அடுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகைகளை அடுக்கி ஒட்டி அச்சு செய்யுங்கள். அச்சின் ஆரம் 75 அல்ல, 63. பிளை அச்சுக்கு மேலே உட்காருவதால் 12 மி.மீ. கனத்தைக் கழித்துவிட வேண்டும். இதை மறந்தால் பெட்டி இரண்டு பக்கமும் சேர்த்து 24 மி.மீ. அகலமாகிவிடும். அச்சின் மேல் பாலிதீன் விரித்து, அடுக்குகளுக்கு நடுவே வெள்ளைப் பசையைச் சீராகத் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு கிளாம்ப் போட்டுக்கொண்டே வாருங்கள். 50 முதல் 75 மி.மீ.க்கு ஒரு கிளாம்ப் வேண்டும். முழுதாக 24 மணி நேரம் தொடக்கூடாது. கழற்றியதும் சற்றே விரியும், ஆகவே அச்சை 2 டிகிரி கூடுதலாக மடக்கியே செய்துவிடுங்கள். வெளி வெனீரை இதோடு சேர்த்து ஒட்டாதீர்கள். மரம் நன்றாகக் காய்ந்த பிறகு தனியாக ஒட்டினால்தான் மடிப்பு விழாது.

அம்பத்தூர் வாசகர்: முழுப் பெட்டியையும் நல்ல தேக்கிலேயே செய்துவிட்டால் என்ன?

பதில்: ஆசை புரிகிறது, ஆனால் வேண்டாம். பெரும்பாலான பழைய மேஜை ரேடியோக்களே பிளையின் மேல் வால்நட் போன்ற மரங்களின் வெனீர் ஒட்டியவைதான். அகலத் தேக்குப் பலகை மழைக்காலத்தில் விரிந்து, கோடையில் சுருங்கும். பின்னால் வால்வின் சூடு வேறு. ஓரிரு வருடத்தில் இணைப்பு வாய் பிளக்கும். பிளையில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் அந்த அசைவு இல்லை. தேக்கைப் பீடத்துக்கும், மூலைக்கட்டைக்கும், முன்விளிம்புச் சட்டத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வால்டாக்ஸ் ரோடு மரக்கடைகளில் கேட்டு வைரப்பகுதியாக (மரத்தின் நடுப்பகுதி) வாங்குங்கள். ஓரத்து வெள்ளைப்பகுதி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வண்டு துளைக்கும்.

வெனீர் ஒட்ட மேஜை, அலமாரிக்கு சன்மைக்கா ஒட்டும் கான்டாக்ட் பசையைப் பயன்படுத்தாதீர்கள். மேலே லாக்கர் அடிக்கும்போது அதன் தின்னர் வெனீர் வழியே இறங்கிப் பசையை இளக்கும், குமிழ் குமிழாக எழும்பும். வெள்ளைப் பசையும் அழுத்தமும்தான் சரி.

தாம்பரம் வாசகர்: நவம்பரில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் ஸ்பிரே செய்தேன். பத்து நிமிடத்தில் பெட்டி முழுக்கப் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிட்டது.

பதில்: தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் லாக்கருக்குள்ளேயே படிந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் சென்னையில் இது நடக்காவிட்டால்தான் ஆச்சரியம். சுரண்ட வேண்டாம். வெயில் அடிக்கும் நாளில், முற்பகல் பதினொன்றுக்கு மேல், ரிடார்டர் தின்னரை (மெதுவாக ஆவியாகும் தின்னர்) மட்டும் பனிபோல் மெல்லிசாக ஸ்பிரே செய்யுங்கள். லாக்கர் மறுபடி இளகி, ஈரம் வெளியேறி, நிறம் திரும்பும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அன்றைக்கு ஸ்பிரே துப்பாக்கியைத் தொடாதீர்கள்.

அவசரம் என்றால் கையால் போடும் அரக்கு பாலிஷ் இருக்கிறது. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் அரக்குச் செதில் ஊறவைத்து வடிகட்டி, துணிப்பந்தால் தேய்த்து ஏற்றலாம். பார்வைக்கு அழகு. ஆனால் சூட்டுக்கும் ஈரத்துக்கும் லாக்கரைவிட மென்மையானது.

திருவல்லிக்கேணி வாசகர்: புதுப் பெட்டியில் மாட்டிய பிறகு, அடியில் உள்ள ஸ்க்ரூவைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. பழைய பெட்டியில் இப்படி இல்லையே?

பதில்: உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வால்வுகளின் பெயரைப் பாருங்கள். யூ.சி.எச்.42, யூ.எல்.41, யூ.ஒய்.41 என்று 'யூ'வில் தொடங்கினால் அது ஏ.சி., டி.சி. இரண்டு வகை மின்சாரத்திலும் ஓடும் ஏ.சி./டி.சி. செட். அதில் பிரித்து நிறுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. சேசிஸின் இரும்பே 230 வோல்ட் மின்சாரத்தின் ஒரு முனையோடு நேராக இணைந்திருக்கும். இத்தகைய செட்டில் மரப்பெட்டிதான் பாதுகாப்புக் கவசம். பழைய பெட்டியில் அடி ஸ்க்ரூக்களைக் குழிக்குள் இறக்கி, மேலே மெழுகோ அட்டையோ வைத்து மூடியிருப்பார்கள். உங்கள் தச்சருக்கு அந்தக் குழி எதற்கென்று தெரிந்திருக்காது.

செய்ய வேண்டியவை இவை. ஸ்க்ரூ தலை 6 முதல் 8 மி.மீ. உள்ளே இறங்கும்படி குழி எடுத்து, ஃபைபர் வாஷர் போட்டு, மேலே ஃபைபர் தகடால் மூடுங்கள். குமிழ்களின் பக்கவாட்டு ஸ்க்ரூவும் ஷாஃப்டோடு தொடர்புள்ளதுதான். அந்தத் துளையை மெழுகால் அடையுங்கள். முன்பக்கம் உலோக வலை வேண்டாம். ஷாக் அடிக்கிறதே என்று சேசிஸுக்கு எர்த் கொடுத்துவிடாதீர்கள், ஃபியூஸ் போகும் அல்லது அதைவிட மோசமாக ஏதாவது நடக்கும். ஏரியல், எர்த் சாக்கெட்டுகளுக்குப் போகும் பழைய கண்டென்சர்களை ஒய்-2 என்ற பாதுகாப்பு வகைக்கு மாற்றுங்கள், ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது என்பதாலேயே நிம்மதி அடையவும் கூடாது. சில செட்டுகளில் இருப்பது மின்சாரத்தைப் பிரித்து நிறுத்தாத ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், அதிலும் சேசிஸில் மின்சாரம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, ரேடியோவின் சுவிட்சை ஆன் நிலையில் வைத்து, பிளக்கின் ஒவ்வொரு பின்னுக்கும் சேசிஸுக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். ஏதாவது ஒரு பின்னில் சில ஓமோ, சில நூறு ஓமோ காட்டினால் மேலே சொன்ன எல்லாமே உங்கள் செட்டுக்கும் பொருந்தும்.

வில்லிவாக்கம் வாசகர்: பெட்டி நன்றாக வந்துவிட்டது. ஆனால் ஷார்ட் வேவில் சத்தத்தைக் கூட்டினால் ஊளையிடுகிறது. சென்னை அலைவரிசை 720 கிலோஹெர்ட்ஸில் தொந்தரவு இல்லை.

பதில்: ஷார்ட் வேவில் மட்டும் என்றால் சந்தேகம் டியூனிங் கேங்கின் (நிலையம் மாற்றும்போது சுழலும் தகட்டுக் கண்டென்சர்) மேல்தான். ஸ்பீக்கரின் அதிர்வு பெட்டி வழியாகச் சேசிஸுக்கு ஏறி, கேங்கின் தகடுகளை நடுங்க வைக்கிறது. அந்த நடுக்கம் அலைவரிசையை ஆட்டி, மறுபடி ஸ்பீக்கருக்கே ஒலியாக வருகிறது. சேசிஸுக்கு அடியிலும் கேங்குக்கு அடியிலும் இருந்த ரப்பர் குரோமெட்டுகள் (வளையங்கள்) கல்லாகியிருக்கும், அல்லது புதுப் பெட்டியில் அவற்றைப் போடாமலே போல்ட்டை இறுக்கியிருப்பார்கள். புது குரோமெட் போட்டு, நடுவே சிறிய உலோகக் குழாய்த் துண்டு வைத்து இறுக்குங்கள். குழாய் இல்லாவிட்டால் ரப்பர் நசுங்கிப் பயனில்லாமல் போகும். எல்லா பேண்டிலும் ஊளையிட்டால் ஒலிப்பகுதியின் முதல் வால்வைப் பென்சிலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள், ஸ்பீக்கரில் டங்கென்று கேட்டால் அதை மாற்ற வேண்டும்.

அடையாறு வாசகர்: ஸ்பீக்கர் முன்னால் என்ன துணி போடலாம்?

பதில்: வாய் அருகே வைத்து ஊதினால் மூச்சு தடையின்றி அந்தப் பக்கம் போகும் துணி. திரைச்சீலைத் துணிகளில் பாதி இதில் தேறாது. 6 மி.மீ. பிளையில் ஸ்பீக்கர் வாய் வெட்டி, முன்பக்கம் கறுப்பு அடித்து, ஓரத்தில் மட்டும் பசை தடவி, ஊடும் பாவும் நேராக நிற்கும்படி இழுத்து ஒட்டுங்கள். பசை வாய்ப்பகுதிக்கு வழிந்தால் அந்த இடம் அட்டைபோல் விறைத்துவிடும்.

கொரட்டூர் வாசகர்: பின்மூடி அவசியமா?

பதில்: கட்டாயம். 3 மி.மீ. ஹார்டுபோர்டு போதும். அதிகம் சூடாகும் ரெக்டிஃபையர், அவுட்புட் வால்வுகளுக்கு நேரே வரிசையாக 8 மி.மீ. துளைகள் போடுங்கள். அடிப்பலகையிலும் காற்று நுழையத் துளை வேண்டும், அதற்காகவே பெட்டிக்கு 10 மி.மீ. உயரக் கால்கள். வால்வின் தலைக்கும் மேல்பலகைக்கும் நடுவே 50 மி.மீ. இல்லாவிட்டால் பாலிஷ் அந்த இடத்தில் கருகும். உள்ளே அலுமினியத் தாள் ஒட்ட வேண்டாம், பின்மூடியில் சுற்று ஏரியல் உள்ள செட்டில் நிலையங்களே எடுக்காது. மூடியின் உட்புறம் பெட்டி செய்த வருடத்தைப் பெயின்டில் எழுதிவிடுங்கள், நாளைக்கு யாராவது விற்கும்போது அசல் பெட்டி என்று சொல்லி விற்க முடியாது.