ஃபிரெஷ் என்று வந்தாலே 'புதிய' போடலாமா?

உங்கள் மொழிபெயர்ப்புப் பயிற்சியில் ஃபிரெஷ் வரும் இடமெல்லாம் 'புதிய' என்று எழுதி, ஆசிரியர் பாதியைச் சுழித்துவிட்டார் என்கிறீர்கள். அவர் செய்தது சரிதான்.

ஆங்கிலச் செய்தியில் இந்தச் சொல் பெரும்பாலும் 'மறுபடியும்' என்றுதான் பேசுகிறது. ஃபிரெஷ் வயலன்ஸ் என்றால் ஓய்ந்திருந்த கலவரம் மீண்டும் வெடித்தது. அங்கே போய் 'புதிய வன்முறை' என்று எழுதினால், என்னமோ புது மாடல் கைபேசி வந்த மாதிரி இருக்கும். நீதிமன்றச் செய்தியில் ஃபிரெஷ் சார்ஜஸ் வந்தால், முன்பே வழக்கு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் 'மேலும் குற்றச்சாட்டுகள்' பொருந்தும். ஃபிரெஷ் எலெக்‌ஷனில்தான் கவனம் வேண்டும்: நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டு மக்களிடம் போவதை 'மறுதேர்தல்' என்று எழுதினால், முந்தைய தேர்தலே செல்லாமல் போனதாக வாசகர் நினைப்பார், அதனால் 'மீண்டும் பொதுத்தேர்தல்' போதும்.

ஃபிரெஷ் கிராஜுவேட், அண்மையில் பட்டம் பெற்றவர். அப்புறம் ஃபிரெஷ் வாட்டர்: சிங்கப்பூரில் 2008இல் திறந்த மரினா அணைக்கட்டு கடல்நீரைத் தடுத்ததால், 2010இல் மரினா நீர்த்தேக்கம் நன்னீர்த் தேக்கமானது. அதைப் 'புதிய நீர்' என்று எழுதினால் நம்மூரில் நியூவாட்டர், அதாவது சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் கழிவுநீர், என்றே படிப்பார்கள்!

அடுத்த பயிற்சியில் முதலில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு வாக்கியத்தைப் படியுங்கள். பல இடங்களில் அது இல்லாமலே தமிழ் நன்றாக நிற்கும்.