சீனன்குடாக் குதம் சாட்சி சொல்லாது

இரண்டாம் உலகப் போர் பற்றிய விவாதத்தில் திருகோணமலையின் சீனன்குடா எண்ணெய்க் குதங்களை (எண்ணெய்த் தொட்டிகளை) ஆதாரமாக வைக்காதீர்கள். "ஆசிய விடுதலை என்று யப்பான் சொன்னது வேஷம், அது எண்ணெய்க்காகத்தான் போருக்கு வந்தது, எங்கள் குதங்களைத் தாக்கியதே சாட்சி" என்ற உங்கள் வாதத்தை எதிரணி ஒரே கேள்வியில் உடைத்துவிடும்: எண்ணெய் வேண்டியவன் அதை ஏன் எரிக்கிறான்?

1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலையைத் தாக்கிய யப்பானியர் குறிவைத்தது துறைமுகத்தையும் பிரித்தானியக் கடற்படையையும். அன்று யப்பானிய விமானம் ஒன்று மோதிய குதத்தின் நெளிந்து துருவேறிய தகடுகளைப் பார்த்து வளர்ந்த திருகோணமலைக்காரர் நாம். அதனால்தான் அது பெரிய ஆதாரமாகத் தெரிகிறது என்று நினைக்கிறேன்.

வாதம் சரி, இடம்தான் பிழை. திகதிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். 1941 ஓகஸ்டில் அமெரிக்கா யப்பானுக்கு எண்ணெயை நிறுத்தியது. யப்பான் தன் எண்ணெயில் பெரும்பகுதியை அங்கிருந்துதான் வாங்கிவந்தது. டிசம்பரில் போர். 1942 ஜனவரியில் போர்னியோப் பக்கம் தாரகான், பெப்ரவரியில் சுமாத்திராவின் பாலெம்பாங், இரண்டும் எண்ணெய் ஊர்கள். பாலெம்பாங்கில் பரசூட் படையையே இறக்கினார்கள். விடுவிக்க வந்தவர்களுக்கு சுத்திகரிப்பு நிலையத்தில் என்ன அவசரம் என்று கேளுங்கள். மேடையில் எடுபடும்.

ஒன்று மட்டும் கவனம்: "எண்ணெய் மட்டுமே" என்று சொல்லிவிடாதீர்கள். சீனாவுடனான போர் 1937இலேயே தொடங்கிவிட்டது. அந்தப் போரும், 1941 ஜூலையில் தெற்கு இந்தோசீனாவுக்குள் யப்பான் படை நுழைந்ததும்தான் எண்ணெய்த் தடையைக் கொண்டுவந்தன. எதிரணியில் வாசிக்கிற பிள்ளை ஒருவர் இருந்தால் அதைத்தான் முதலில் பிடிப்பார்.